தொந்தரவு இல்லாத மனிதர்கள்

2023 ஏப்ரலில் எங்கள் உள்ளாட்சி மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் வீட்டுப் பின்புறத்தில் நான் வளர்க்கும் பந்தயப் புறாக்களால் எச்சம், வாடை, எலி, இறகுத் தூசி ஆகிய தொல்லைகள் உண்டாவதாக ஒரு புகார் வந்திருக்கிறது, அதிகாரி ஒருவர் பார்வையிட வருவார் என்று அதில் இருந்தது. புகார் கொடுத்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன். பிறர் போடும் டிக்கெட்டுகளைத் தீர்த்து வைப்பதுதான் என் பிழைப்பு. என் பெயரில் முதன்முதலாக ஒரு டிக்கெட் விழுந்திருந்தது.

அதிகாரி வந்தார். கூண்டைப் பார்த்தார், தீவனம் வைத்திருக்கும் தகர டிரம்மைத் திறந்து பார்த்தார், வேலியோரம் குனிந்து எலி வளை தேடினார். நாற்பது நிமிடம் இருந்துவிட்டு, “இதைவிட மோசமான சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். விவகாரம் முடிந்தது. ஆனால் எழுதியது யார் என்ற கேள்வி எனக்குள் முடியவில்லை. எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணியைச் சந்தேகித்தேன். அவர் வணக்கம் சொன்னபோது இரண்டு மாதம் அரை மனதோடுதான் பதில் வணக்கம் சொன்னேன்.

எழுதியவர் மூன்று வீடு தள்ளி இருக்கும் தமிழர் என்பது இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில்தான் தெரிந்தது. அவரே சொன்னார். கையில் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு, எந்தக் கூச்சமும் இல்லாமல், ஒரு மூத்தவருக்குரிய கனிவோடு சொன்னார். “தம்பி, உன் நல்லதுக்குத்தான் எழுதினேன். நாம வந்து இருக்கிற இடம் இது. நம்மால யாருக்கும் ஒரு தொந்தரவும் இருக்கக்கூடாது பாரு.”

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவருக்கு மட்டும் எழுதும் பதில் அல்ல. அதே வாக்கியத்தைக் கோலாலம்பூரிலும் டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருப்பதுதான் நல்ல அண்டைவீட்டுக்காரனின் இலக்கணம் என்று நாம் நம்புகிறோம், பிள்ளைகளையும் நம்ப வைக்கிறோம். இது தவறு என்பதும், தவறு மட்டுமல்ல, ஆபத்தும் கூட என்பதும் என் வாதம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வடகிழக்கு இங்கிலாந்தில், டைன் நதிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர் ஒன்றில். டர்ஹம் வயலின் கடைசிச் சுரங்கமான வேர்மவுத் 1993-இல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று சண்டர்லேண்ட் கால்பந்து அணியின் மைதானம் நிற்கிறது. சுரங்கம் போனாலும் சுரங்கத் தொழிலாளர்களின் புறாக்கள் முழுதாகப் போய்விடவில்லை. புறாக் கூண்டை இந்தப் பக்கத்தில் ‘கிரீ’ என்பார்கள். பழைய பலகை, கழித்துப் போட்ட கதவு, ஜன்னல் சட்டம் எதுவானாலும் வைத்து அடித்து, பளிச்சென்று பட்டை பட்டையாக வண்ணம் பூசி நிறுத்தியிருப்பார்கள். ரைஹோப் என்ற ஊரில் 1955-இல் கட்டிய அப்படிப்பட்ட கிரீ ஒன்று, பழைய தேவாலயங்களைப் போலவே, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. நாளெல்லாம் பூமிக்கு அடியில் கிடந்த மனிதன், மேலே வந்ததும் வானத்தைப் பார்க்க ஒரு காரணம் தேடியிருக்கிறான். அவ்வளவுதான் இந்த விளையாட்டின் தத்துவம்.

விளையாட்டு எளிது. சனிக்கிழமைப் பந்தயத்துக்கு முதல் நாள் மாலை புறாக்களைக் கூடையில் போட்டுச் சங்கத்துக்குக் கொண்டுபோவோம். லாரி தெற்கே போகும். நூறு மைல், இருநூறு மைல், சில நேரம் கடல் தாண்டி பிரான்ஸ் வரை. காலையில் எல்லாக் கூடைகளையும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். ஒவ்வொரு புறாவும் அதனதன் வீட்டுக்குத்தான் பறக்கும் என்பதால் பொதுவான முடிவுக்கோடு கிடையாது. திறந்த இடத்திலிருந்து ஒவ்வொரு கூண்டுக்குமான தூரத்தை கஜக் கணக்கில் அளந்து வைத்திருப்பார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை கஜம் என்று பார்த்து வெற்றியாளரை முடிவு செய்வார்கள். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆனதும் காலில் ஒரு வளையம் போடுவோம். கால் பெருத்தபின் அது கழலாது. அதில் நாட்டின் பெயரும் ஆண்டும் எண்ணும் இருக்கும். ஏழாம் நாளிலேயே என் புறாவின் காலில் ‘ஜிபி’ என்று பதிந்துவிடுகிறது. 2004-இல் முதுகலை படிக்க வந்த எனக்கு அந்த முத்திரை கிடைக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

எனக்கு முதல் ஜோடியைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். சுரங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நாங்கள் குடிவந்த முதல் மாதம், தோட்டத்தில் நின்று அவருடைய கூட்டம் வட்டமடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே தலையை நீட்டினார். “நீ புறாவை எண்ணுகிறாய். எண்ணுகிறவன் எல்லாம் வளர்த்தவன்” என்றார். அன்றுவரை இந்த நாட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். என் அப்பா வியாசர்பாடியில் புறா வளர்த்தவர்.

இதை ஏன் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை? சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வட சென்னையில் புறா என்றால் மொட்டை மாடி, லுங்கி, வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள், பந்தயப் பணம், சண்டை என்று ஒரு படம் மற்றவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. 2015-இல் வந்த ‘மாரி’ படத்தில் புறா பறக்கவிடும் நாயகன் பேட்டை ரவுடிதான். என் அப்பா ரவுடி இல்லை. பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். காலை ஐந்து மணிக்கு மாடியேறி, கூண்டைத் திறந்து, பறக்கவிட்டு, இறக்கி, தீனி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவருடைய ஹோமர்கள் நெல்லூரிலிருந்தும் ஓங்கோலிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் வந்து சேரும். நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, “காலேஜ்ல எவனாண்டயும் புறா கிறான்னு சொல்லிக்காத” என்று அவரே சொன்னார். நானும் சொல்லவில்லை. விசாவோடு சேர்த்து அந்த வெட்கத்தையும் இங்கே கொண்டுவந்தேன்.

ஆக, மூன்று வீடு தள்ளி இருக்கும் அண்ணன் புகார் எழுதியபோது அவரை உறுத்தியது எச்சமோ எலியோ அல்ல. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து, மருத்துவமனையில் பொறுப்பான பதவியில் இருப்பவர். அவருடைய கவலையை அவர் மனைவி வேறொரு நாள் என் மனைவியிடம் இன்னும் நேராகச் சொல்லியிருக்கிறார்: “இவ்வளவு படிச்சிட்டு வந்து, இங்கயும் இந்த வேலையா?” இங்கயும் என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் மாதம் இருமுறை அதிகாலையில் மரம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறார். ஒருவர் கோடை முழுவதும் கரி அடுப்பில் இறைச்சி வாட்டுகிறார். அவர்களைப் பற்றி அண்ணன் எழுதவில்லை. அவை இந்த ஊர்க்காரர்களின் தொந்தரவுகள். என்னுடையது நம் ஊரிலிருந்து, அதுவும் நம் ஊரின் தப்பான தெருவிலிருந்து வந்த தொந்தரவு. வெள்ளைக்காரனுக்கு முன்னால் அது தெரிந்துவிடக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்க்காரர்களுக்குப் புறா இழிவான விஷயமே அல்ல. 1942-இல் வட கடலில் விழுந்த ராணுவ விமானத்தின் வீரர்கள் பிழைத்ததற்கு, ஸ்காட்லாந்திலிருந்த தன் கூண்டுக்குப் பறந்து வந்து சேர்ந்த விங்கி என்ற பெட்டைப் புறாதான் காரணம். அதற்கு டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்ப் பணிக்காக அந்தப் பதக்கம் பெற்ற புறாக்கள் மொத்தம் 32. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இதைச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. 2020-இல் ‘நியூ கிம்’ என்ற பெல்ஜியப் புறாவை ஒரு சீனர் 16 லட்சம் யூரோ கொடுத்து ஏலத்தில் எடுத்தார் என்று சொன்னதும் நாலு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். “அப்போ இதுல பணம் இருக்கா?” விலை தெரிந்ததும் மரியாதை வந்துவிட்டது. வியாசர்பாடி பெல்ஜியம் ஆகிவிட்டது.

அதே சங்கத்தின் சித்திரைத் திருநாள் விழாவில் குழந்தைகள் சிபிச் சக்கரவர்த்தி நாடகம் போட்டார்கள். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தவன் வழியில் வந்தவர்கள் சோழர்கள் என்று புறநானூற்றுப் புலவர்கள் பாடியதை அறிவிப்பாளர் பெருமையாகச் சொன்னார். அட்டையில் வெட்டிய வெள்ளைப் புறா நன்றாகத்தான் இருந்தது. இடைவேளையில் ஒருவர் என்னிடம் வந்து, “உங்க வீட்டுப் பக்கம் குழந்தைங்கள அனுப்பினா எதுவும் தொத்திக்காதே?” என்று கேட்டார். அட்டைப் புறா எச்சமிடாது. நமக்கு வேண்டியது அந்தப் பண்பாடுதான்.

இதுவரை படித்த சிலருக்கு, இவன் தன் புறாக்களுக்காக ஊரையே திட்டுகிறான் என்று தோன்றும். ஆகவே என் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். புறா வளர்ப்பவர்களில் பாதிப் பேர், என் நிலம், என் பறவை, என் உரிமை என்று பேசுகிறவர்கள். சட்டத்தைப் பார்த்தால் அவர்கள் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் செல்லப் பறவைகளுக்குக் கூண்டு கட்ட இங்கிலாந்தில் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் கட்டினால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டுப் பத்திரத்தில் பறவை வளர்க்கத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தயப் பறவைகளுக்குப் பாராமிக்சோ வைரஸ் தடுப்பூசி கட்டாயம். 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, விலங்கு வளர்ப்பு அடுத்தவருக்குத் தொல்லையாக இருந்தால் உள்ளாட்சி மன்றம் தலையிடலாம். அவ்வளவுதான் சட்டம். வழக்கில் ஜெயிக்க அது போதும். தெருவில் வாழ அது போதாது.

தெருவில் வாழ என்ன வேண்டும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு புறாவோடு தொடங்கு, அறுபதோடு தொடங்காதே. பசியோடு பறக்கவிடு, இறங்கிய பிறகு தீனி வை. பசித்த புறா நேராகக் கூண்டுக்குள் போகும், வயிறு நிறைந்த புறா அடுத்தவன் கூரையில் போய் உட்காரும். ஒரு புறா கூரையில் உட்காரப் பழகினால் பத்துப் புறா பழகும், ஆகவே அப்படிப்பட்டது எவ்வளவு நல்ல பறவையானாலும் கூட்டத்தில் வைத்துக்கொள்ளாதே. நாள் முழுவதும் கூண்டைத் திறந்து போடாதே. காலையும் மாலையும் சுரண்டிச் சுத்தம் செய். தீவனம் தகர டிரம்மில் இருக்கட்டும், சிந்தியதை இருட்டுவதற்குள் கூட்டு. முகமூடி போடாமல் சுரண்டாதே. புறாத் தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்மையானது, அது அண்டைவீட்டானுக்கு முன்னால் உன்னைத்தான் பிடிக்கும். துணி உலர்த்தும் நாள் தெரிந்து வைத்துக்கொள். வருடம் ஒருமுறை பக்கத்து வீட்டுக் கூரை வாய்க்காலை நீயே ஏணி போட்டுச் சுத்தம் செய்து கொடு, உன் புறா அதில் உட்கார்ந்ததோ இல்லையோ.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யச் சொன்னது ஒன்று: ஒரு பலகை அடிப்பதற்கு முன் போய்க் கதவைத் தட்டு. கூண்டின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பதினாலு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருந்தும், ஒரு காரியம் கேட்டு அந்நியர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. ஒரு வீட்டில் குழந்தைக்கு ஆஸ்துமா என்றார்கள், கூண்டை அந்தப் பக்க வேலியிலிருந்து எதிர் மூலைக்கு மாற்றினேன். ஒருவர் இரவு வேலைக்குப் போகிறவர், காலை எட்டு மணிக்கு மேல் தகர டப்பாவைக் குலுக்கிப் புறாவைக் கூப்பிடக் கூடாது என்றார், ஆறரைக்குள் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டேன். எதிர்வீட்டுப் பெண்மணி பறவையே பிடிக்காது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சொன்னவர் இன்றுவரை அதற்காக என்மேல் எந்த நடவடிக்கையும் எடுத்ததில்லை.

2021 ஜூன் 19. புறா வளர்ப்பவர்களிடம் அந்தத் தேதியைச் சொன்னால் போதும். அன்று பிரிட்டனில் பறக்கவிட்ட பந்தயப் புறாக்களில் ஆயிரக்கணக்கானவை வீடு திரும்பவில்லை. சூரியனின் செயல்பாடு என்றார்கள், வானிலை என்றார்கள். பீட்டர்பரோவிலிருந்து எங்கள் பக்கம் சுமார் 170 மைல், நல்ல நாளில் மூன்றரை மணி நேரம். நான் அனுப்பியவை ஒன்பது. மதியம் இரண்டு வந்தன. அப்புறம் வானம் காலி. தோட்டத்தில் நின்றுகொண்டே இருந்தேன். நாலு மணிக்கு ஆஸ்துமாக் குழந்தையின் அம்மா வேலிப் பக்கம் வந்து, இன்னும் எத்தனை என்று கேட்டார். இரவு வேலைக்காரர் கிளம்பும் முன் வந்து பார்த்தார். பின்வீட்டுப் பையன் நோட்டுப் புத்தகத்தில் வளைய எண்களை எழுதி வைத்துக்கொண்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்தான். இருட்டியபோது பறவையே பிடிக்காத எதிர்வீட்டுப் பெண்மணி தேநீரோடு வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். அடுத்த இரண்டு வாரத்தில் நாலு திரும்பின. அதில் ஒன்று யார்க்‌ஷயரில் யாரோ ஒருவரின் தோட்டத்தில் இறங்கி, அவர் வளைய எண்ணைப் பார்த்துச் சொல்லி அனுப்பியது. மூன்று வரவேயில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தெருவில் என் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர் இல்லை.

இந்த ஊருக்கு வருமுன் நியூகாசிலில் ஓர் அடுக்ககத்தில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்துவேன். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாதென்று வீட்டுக்குள் சாக்ஸோடு நடப்பேன். நான் காலி செய்த அன்று லிஃப்டில் வந்த கீழ்வீட்டுக்காரர், “புதிதாக வருகிறீர்களா?” என்று கேட்டார்.

அண்ணனின் வாக்கியத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாம் தொந்தரவு கொடுக்காவிட்டால் நம்மையும் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்ற கணக்கு. 2024 ஆகஸ்டில் அது பொய்த்தது. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட துயரத்தை ஒட்டிக் கிளம்பிய வதந்தியால் நாடெங்கும் கலவரம். எங்களுக்குப் பக்கத்தில் ஹார்ட்டில்பூலில், ஆகஸ்ட் 2 வெள்ளிக்கிழமை இரவு சண்டர்லேண்டில், ஞாயிற்றுக்கிழமை மிடில்ஸ்பரோவில். சண்டர்லேண்டில் அவசரப் பணிக்கு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர் இருவரின் டாக்சியைக் கல்லால் அடித்தார்கள். அந்தச் செவிலியர்கள் யாருக்கு என்ன தொந்தரவு கொடுத்தார்கள்? கல்லை எடுத்தவன் உங்கள் அமைதியான வாழ்க்கைக் குறிப்பைப் படித்துப் பார்த்துவிட்டு எறிவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். எண்பத்திரண்டு வயது, இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து கைத்தடியோடு நடப்பவர். சமையலறையில் உட்கார்ந்து புறாக்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எதற்கு வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு வேலைக்காரர் விடுப்புப் போட்டிருப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார். எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் ஒரு கிழவரும் ஒரு கைத்தடியும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் என் மகள் அன்று தூங்கினாள்.

பத்தரை மணிக்குப் பெரியவர் கேட்டார்: “மூன்று வீடு தள்ளி உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர் குடும்பம் பத்திரமா? அவர் பெயர் என்ன?”

அண்ணன் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. என் புறாக்களின் வளைய எண்களை மனப்பாடமாகச் சொல்லும் மனிதருக்கு, அவர் பெயர் தெரியாது. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பத்தை அண்ணன் கொடுத்ததே இல்லை. குப்பைத் தொட்டியைச் சரியான நாளில் வெளியே வைத்தார், புல்லை ஒழுங்காக வெட்டினார், எதிரே வந்தால் புன்னகைத்தார். நல்ல வாடகைதாரர் செய்வதையெல்லாம் சொந்த வீட்டில் செய்தார். அவர் போனில் இருந்தார் அன்று, பத்து மணியிலிருந்து என்னோடு மட்டும்.

இங்கே நான் நிறுத்தி, என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூண்டு கட்டுமுன் படத்தோடு ஆறு கதவுகளைத் தட்டினேன். ஏழாவது கதவு அண்ணனுடையது. அதைத் தட்டவில்லை. நம்ம ஆள்தானே, அவரிடம் என்ன கேட்பது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. வெள்ளைக்காரர்களிடம் நான் வெறும் புறா வளர்ப்பவன். அவரிடம் வியாசர்பாடிக்காரன் ஆகிவிடுவேன். அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தத் தெரு என்ற கேள்விகள் வரும். ஆங்கிலேயருக்குப் பயந்து அவர்களிடம் அனுமதி கேட்டேன். தமிழருக்கு வெட்கப்பட்டு அவரிடம் மறைத்தேன். அவர் நேரில் வந்து திட்டாமல் கடிதம் எழுதினார். நான் நேரில் போய்க் கேட்காமல் கூண்டு கட்டினேன். இருவரும் ஒரே நோயாளிகள்தான்.

அப்பாவின் மாடி அப்படி இல்லை. பக்கத்து மாடியில் ஓர் அக்கா வடாம் காயவைப்பார். புறாக்கள் இறங்கும் வழியில் வடாத்துணி. வருடா வருடம் கோடையில் சண்டை நிச்சயம். “இன்னாண்ணே, உன் புறாவுக்கு என் வடாம் மேலதான் கண்ணா? வந்து பாரு, கருமம்!” தெருவே கேட்கும். அப்பா குனிந்த தலையோடு கைப்பிடிச் சுவர் வரை போவார். “கத்தாதம்மா. எத்தினி மணிக்கு காய வெக்கிற சொல்லு, அதுக்கு முன்னாடி இறக்கிடறேன்.” மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருப்பார். கோடை முடியும்போது அந்த வீட்டிலிருந்து ஒரு தூக்கு வடாம் எங்கள் வீட்டுக்கு வரும். அந்த வாழ்க்கையில் பெருமைப்பட முடியாதவையும் நிறைய உண்டு. இன்ன தெருவுக்கு இன்னார் வரக்கூடாது என்ற கணக்குகள் அங்கேயும் இருந்தன. ஆனால் மாடிக்கு மாடி கத்துவதற்கு ஒரு தைரியம் வேண்டும், நாளைக்கும் இவன் முகத்தில்தான் விழிக்கப்போகிறேன் என்ற நம்பிக்கை வேண்டும். கையெழுத்தில்லாத கடிதத்துக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை. அது, இங்கே நாம் நிலையாக இல்லை என்று நினைக்கிறவர்களின் ஆயுதம்.

எல்லோரும் புறா வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொந்தரவு கொடுப்பது ஓர் அறம் என்றும் சொல்லவில்லை. மனிதன் வாழ்ந்தால் சத்தம் வரும், வாடை வரும், தூசி வரும். அதை மறைப்பது ஒரு வழி. போய்ச் சொல்லி, நேரம் கேட்டு, மூலை மாற்றி, மன்னிப்புக் கேட்டு, ஏணி போட்டு வாய்க்காலைக் கழுவிக்கொடுத்துச் சரிக்கட்டுவது இன்னொரு வழி. முதல் வழியில் நல்ல பெயர் கிடைக்கும். இரண்டாவது வழியில்தான் பெயரே கிடைக்கும். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு, சத்தம் போடாதே என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், சத்தம் போட்டால் போய்க் கதவைத் தட்டு என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்தவர் சத்தம் தாங்கவில்லையா, அப்போதும் கதவைத் தட்டு. திட்டுவதற்காகவாவது தட்டு.

பொங்கல் முடிந்த வாரம், ஏழு ஆண்டு தாமதமாக, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கூண்டின் பழைய படத்தையும் எடுத்துப் போயிருந்தேன். அப்பா ஃபிட்டர் என்று சொன்னேன். வியாசர்பாடி என்று சொன்னேன். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “பின்பக்கம் கொஞ்சம் உயரம் ஜாஸ்தியோ?” என்றார். அளந்து 2.4 மீட்டர்தான் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சமரசம் ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்னமும் அவருக்கு என் புறாக்கள் பிடிக்காது. வாசல்வரை வந்த அக்காதான், ஜூன் மாதம் வெயில் வந்தால் பின்னால் கூழ் வடாம் போடப்போவதாகவும், அதில் ஓர் எச்சம் விழுந்தாலும் மன்றத்துக்கு எழுத மாட்டேன், நேராக வந்து உன் வாசலில் நின்று கத்துவேன் என்றும் சொன்னார்.

எத்தனை மணிக்குக் காயவைப்பீர்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.